சத்தம் இல்லாதபோது அழுத்தினார்

எங்கள் காது பரிசோதனை மையத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ஓர் ஆள் உட்காரும் அளவு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன். கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது என்று விற்றவர் எழுதியே கொடுத்திருக்கிறார். இடி இன்னும் ஒத்துழைக்கவில்லை. நான் வெளியே மேசையில் உட்கார்ந்துகொண்டு மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவேன். கேட்டால் அவர்கள் பட்டனை அழுத்த வேண்டும். என் மேசையில் பச்சை விளக்கு எரியும். இதற்காக நான்கு வருடம் கல்லூரியில் படித்திருக்கிறேன்.

நான் கொடுக்கிற அறிக்கையின் கடைசி வரி இப்படி இருக்கும்: ‘சத்தம் இல்லாதபோது அழுத்தினார்: ஆம் / இல்லை.’ வேலையில் சேர்ந்து எட்டு மாதமாக அந்த வரியை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. வயதானவர்கள் அழுத்துவார்கள். பதற்றம், கவனக்குறைவு, அல்லது பட்டனைக் கண்டால் அழுத்திப் பார்க்கும் ஆசை. ‘ஆம்’ என்பதைச் சுழித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

அந்த அம்மாவை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மகனும் மருமகளும் அழைத்து வந்தார்கள். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. மகனுக்கு நாற்பதுக்குள். ஏதோ தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர் அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்திருந்தார், நெஞ்சில் ‘பாதுகாப்பு’ என்று ஆடிக்கொண்டிருந்தது. தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ. அவர் நடக்கும்போது சத்தமே வராது. அறை மட்டும் கொஞ்சம் சின்னதாகும்.

“டாக்டர், விஷயம் சிம்பிள். அம்மா பாத்திரத்தைக் கீழ போட்டுட்டே இருக்காங்க.”

நான் டாக்டர் இல்லை. ஆனால் முதல் தடவையே திருத்தினால் மரியாதையாக இருக்காது என்று இரண்டாவது தடவைக்குக் காத்திருப்பது என் வழக்கம்.

“கை நடுக்கமா சார்?”

“நடுக்கம் இருக்கு. பிரஷர் இருக்கு. நெஞ்சு படபடப்பு, வயித்துல புண்ணு, தூக்கம் சுத்தமா இல்ல. பாக்காத டாக்டர் இல்ல, எடுக்காத டெஸ்ட் இல்ல. எல்லாருமே ஒரே மாதிரிதான் சொல்றாங்க, ஒண்ணும் இல்லன்னு.” ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். செங்கல் கனம். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு இவ்வளவு காகிதம் செலவாகும் என்று எனக்குத் தெரியாது.

“ஆனா பாத்திரம் நடுக்கத்துல விழற மாதிரி தெரியல டாக்டர். வீடு அமைதியா இருக்கும். நானும் இவளும் ரூம்ல ஏதோ பேசிட்டு இருப்போம். திடீர்னு டமால். ஓடிப் போய்ப் பாத்தா குக்கர் மூடி. அடுத்த நாள் இட்லி... இல்ல, அது போன வாரம். அடுத்த நாள் அண்டா. காது மந்தம், தான் போடற சத்தம் தனக்கே தெரியல. அதான் என் யூகம்.”

“நான் டாக்டர் இல்ல சார்.”

“பரவால்ல. காதுன்னா மெஷின் போட்டுக்கலாம். காது இல்லன்னா தலை. தலைன்னா ஒரு நல்ல இடம் சொல்லியிருக்காங்க, வயசானவங்களைப் பாத்துக்கற இடம். நர்ஸ், தோட்டம் எல்லாம் இருக்கு. திங்கக்கிழமை ஒரு கட்டில் காலியாகுதாம். படிவம்கூட நிரப்பிட்டேன். உங்க ரிப்போர்ட்டை மட்டும் கூட வச்சுக் குடுக்கணும்.”

கட்டில் எப்படிக் காலியாகிறது என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மா இதையெல்லாம், அடுத்த வீட்டுச் சங்கதியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் பேசவே இல்லை. சுவரை ஒட்டியிருந்த நாற்காலியில், இடது தோள் சுவரில் படும்படி உட்கார்ந்திருந்தார். எங்கள் தொழிலில் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டோம். பேசினால் எந்தக் காதைத் திருப்புகிறார்கள் என்று பார்ப்போம். “தண்ணி வேணுமா?” என்று கேட்டேன். வலது காது திரும்பியது.

“இவளுக்கும் இப்பல்லாம் ஒரு தடவை சொன்னா விழறதில்ல,” என்று மகன் சிரித்தார். “எதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு.”

மகனையும் மருமகளையும் வெளிக்கூடத்தில் உட்காரச் சொன்னேன். போகிற வழியில் மகன் நின்றார். பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகும் கதவின் முன்னால் நாங்கள் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தோம்.

“என்ன தம்பி, அவசர வழியை இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க? ஒரு நாள் யாருக்காவது தேவைப்படும். இன்னைக்கே எடுங்க.”

“எடுத்துடறேன் சார்.”

“பின்னால எங்க போகுது?”

“பஸ் நிறுத்தம் சார்.”

“நல்லது,” என்றார்.

அம்மாவின் காதுக்குள் விளக்கை விட்டுப் பார்த்தேன். வலது காது வயதுக்கு ஏற்ற காது. இடது காதின் சவ்வில் ஓர் ஓட்டை, விளிம்பெல்லாம் தடித்து வெளுத்து, வெகுகாலமாக அப்படியே இருப்பது.

“இந்தக் காது எப்பம்மா போச்சு?”

“அதுவா? அது போயி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை.”

படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு பத்தி உண்டு. அதற்குக் கீழே பிறவி, நோய், விபத்து, இரைச்சல், முதுமை என்று ஐந்து கட்டங்கள். படித்துக் காட்டினேன்.

“விபத்துன்னா ஒரு தடவைதானே நடக்கும்?” என்று யோசித்தார். “இரைச்சல்னு போடுங்க. நல்லா சத்தம் போட்டுட்டுதான் அடிப்பாரு.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு கட்டத்திலும் குறி போடாமல் அவரைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினேன். நோயாளி எங்களைப் பார்க்கக் கூடாது என்பது விதி. எங்கள் முகத்தைப் பார்த்து யூகித்துவிடுவார்களாம். எங்கள் முகத்தில் அவ்வளவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வலது காது முடிந்தது. பரவாயில்லை. இடது காதுக்கு வந்தேன். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இயந்திரத்தின் எல்லைவரை கொடுத்தும் விளக்கு எரியவில்லை. அது செத்த காது. சத்தத்தை நிறுத்திவிட்டு எழுதிக்கொள்ளக் குனிந்தேன்.

விளக்கு எரிந்தது.

நான் ஒன்றும் அனுப்பவில்லை. ‘ஆம்’ என்பதைச் சுழிக்கப் போனேன். அறைக் கதவின் கண்ணாடியில் மகனின் முகம் தெரிந்தது. “முடிஞ்சதா?” என்று வாயசைத்தார். இன்னும் இல்லை என்று கையாட்டினேன். போய்விட்டார்.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் எரிந்தது. மறுபடியும் கண்ணாடியில் அந்த முகம்.

என் மேசைக்கு மேலே ஒரு திரை இருக்கிறது. தெரு வாசல், படிக்கட்டு, நடைவழி, வெளிக்கூடம் என்று நான்கு கேமராக்களின் காட்சியும் அதில் ஓடும். போன வருடம் பார்வைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் காதை யாரோ திருடிக்கொண்டு போனபிறகு வைத்தது. திருடியவருக்கு என்ன தேவையோ. மூன்றாவது தடவை விளக்கு எரிந்தபோது நான் நிமிர்ந்து அந்தத் திரையைப் பார்த்தேன். மகன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கைப்பிடியை ஊன்றி எழுந்தார்.

படித்தவன் செய்கிற மாதிரி சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். முதலில் ஹெட்போன் ஒயரை இயந்திரத்திலிருந்து உருவினேன். இனி உள்ளே ஓர் ஈயின் சத்தம்கூடப் போகாது. கூரியர்காரர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தடதடவென்று வந்து போனார், விளக்கு எரியவில்லை. மருமகள் எழுந்து தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார், எரியவில்லை. வெளியே போய், அம்மாவின் அடையாள அட்டைக்கு நகல் வேண்டும், கீழே கடை இருக்கிறது என்று மகனை அனுப்பினேன். அவர் தெருவைத் தாண்டிப் போவது திரையில் தெரிந்தது.

நான்கு நிமிடம். வாசல் காலி, படிக்கட்டு காலி, நடைவழி காலி.

விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு என்னும்போது தெரு வாசல் கேமராவில் அந்த ரப்பர் ஷூ உள்ளே வந்தது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி.

பெட்டியின் கதவைத் திறந்தேன். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு பட்டனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், வெந்நீர் டம்ளரைப் பிடிப்பதுபோல.

“அம்மா, என்ன கேட்டுச்சு?”

“வரான்ல?”

“அவர் ஷூ சத்தமே வராதே.”

“சத்தம் கேக்காது தம்பி. சத்தத்துக்கு முன்னாடி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் கேக்கும்.” இடது காதைத் தொட்டார். “இதுல மட்டும். வேற ஒரு எழவும் இதுல விழாது. மொதல்ல இவங்கப்பா வர்றது கேக்கும். அவரு போயி நாலு வருஷம் ஆச்சு. இனிமே நிம்மதியாத் தூங்கலாம்னு இருந்தேன். மூணாவது மாசம் ஒரு நாள் மத்தியானம் படுத்திருக்கேன், கேக்குது. அதே நடை. தூக்கிவாரிப் போட்டுச்சு. செத்தவரு திரும்பி வந்துட்டாரான்னு பாத்தா, இவன் செருப்பை மாட்டிட்டு ரூமுக்குள்ள போறான்.”

“உங்களை அடிக்கிறாரா?”

“என்னையா? சேச்சே!” உண்மையிலேயே கோபித்துக்கொண்டார். “எம் பையன் எம்மேல உசிரையே வச்சிருக்கான். நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறதே அவன்தான்.”

அப்போதுதான் நான் கேட்ட கேள்வி தப்பு என்று புரிந்தது. கேட்க வேண்டியவர் வெளியே, சுவரில் இடது தோளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்ப பாத்திரம்?”

“சத்தம் கேட்டா ஓடி வருவான், அம்மா விழுந்துட்டாங்களோன்னு. பாசம்ல? வந்து பாத்து, மூடியை எடுத்து வச்சு, நாலு வார்த்தை திட்டிட்டு, ஒரு சொம்புத் தண்ணி குடிப்பான். அதுக்குள்ள பாதிக் கோவம் போயிடும்.”

“மீதிப் பாதி?”

“இன்னொரு மூடி இருக்குல்ல.”

“எப்பத் தூங்குவீங்க?”

“அதான் இல்லன்னு ஃபைல்ல எழுதியிருக்கே. படிக்கலையா நீங்க?”

திரையில் மகன் முதல் மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தார். அம்மா திரையைப் பார்க்கவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புதன்கிழமை வரைக்கும் நான் அந்த வீட்ல இருந்தாப் போதும் தம்பி. அன்னைக்கு அவனுக்கு ஃபேக்டரில பெரிய இன்ஸ்பெக்‌ஷன், காலைல போனா சாயங்காலம்தான். மத்த நாள்ல மத்தியானம் சாப்பிட வந்துடுவான். எந்தங்கச்சி வீட்டுக்குப் போறதா இருக்கோம். அவளுக்கு ரெண்டு காதும் பாம்புக் காது. கல்யாணமே பண்ணிக்கல.”

“மருமகளை முன்னாடியே அனுப்பிடலாமே?”

“தனியாப் போனா திரும்பி வந்துடுவா. நான் அப்படித்தான் திரும்பி வந்தேன், மூணு தடவை. கூட ஒரு ஆள் இருந்து, திரும்பாத, நடன்னு சொல்லணும். திங்கக்கிழமை என்னை அந்தக் கட்டில்ல கொண்டு போய்ப் படுக்க வச்சிட்டா யாரு சொல்லுவா?” பட்டனை என் கையில் கொடுத்தார். “வந்துட்டான்.”

கதவு திறந்தது. நகலை நீட்டினார்.

அறிக்கையை அவர் எதிரிலேயே எழுதினேன். வலது காது: லேசான குறைவு, கருவி பொருத்தலாம். இடது காது: கேட்கும் திறன் இல்லை, கருவியால் பயன் இல்லை. கடைசி வரிக்கு வந்தேன். அங்கே ‘ஆம்’ என்று சுழித்தால், அடுத்து வருகிற எந்த டாக்டரும் அதைத் தலை என்றுதான் படிப்பார். திங்கட்கிழமைக் கட்டிலுக்கு அந்த ஒரு சுழி போதும்.

‘இல்லை’ என்பதைச் சுழித்தேன். அது பொய்யும் இல்லை. சத்தம் இருந்தது. என் இயந்திரத்தில் அந்தச் சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

“காதுதான் சார். தலை பிரமாதமா இருக்கு.”

“நிச்சயமா?” கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டார். “அப்ப பாத்திரம்?”

“மெஷின் வந்ததும் குறையும். காதுக்கு அச்சு எடுத்து அனுப்பணும். புதன்கிழமை வந்துடும். பதினொரு மணிக்கு அம்மாவை அனுப்பி வைங்க. துணைக்கு இவங்க வந்தாப் போதும்.”

அவர் என்னை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். பிறகு கைகுலுக்கினார். நல்ல மனிதர்கள் குலுக்குவதுபோல இதமாகத்தான் குலுக்கினார். நான் அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை இல்லை. பழைய அறிக்கைகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்தேன். எட்டு மாதத்தில் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு காதும் சேர்ந்து மங்கினால் முதுமை. ஒரு காது மட்டும் போனால் அதற்கு ஒரு கதை இருக்க வேண்டும். இடது காது மட்டும் போனவர்களைத் தனியாக எடுத்து வைத்தேன். இருபத்தேழு. வலது காது மட்டும் போனவர்கள் மூன்று பேர். அந்த மூவரின் கணவர்களும் இடது கைக்காரர்களா என்று விசாரிக்கப் படிவத்தில் இடமில்லை.

இருபத்தேழிலும் ‘காரணம்’ என்பதற்கு எதிரே என் கையெழுத்தில் ‘தெரியவில்லை’. கடைசி வரியைப் பார்த்தேன். இருபத்திரண்டில் ‘ஆம்’. அழகான, வட்டமான சுழிகள். ஓர் அறிக்கையின் ஓரத்தில் ‘கவனக்குறைவு, பலமுறை’ என்றுகூட எழுதியிருந்தேன். எல்லா அறிக்கையிலும் மேலே ‘உடன் வந்தவர்’ என்று ஒரு வரி உண்டு. அதை ஒவ்வொன்றாகப் படித்தேன். கணவர். கணவர். மகன். கணவர். மகன். மகன்.

வெளிக்கூடம் காலியாக இருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. பட்டன் நாற்காலியின்மேல் இருந்தது. அதை எடுத்துக் கொக்கியில் மாட்ட எழுந்தவன், ஏனோ மாட்டாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் அம்மாவுக்குப் போன் செய்தேன். போனை எந்தக் காதில் வைத்துப் பேசுகிறாய் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். “சாப்பிட்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கீழே போட்டு, பின்கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். மையத்தை நடத்துகிற டாக்டர் மேடம் போனில், “என்ன திடீர்னு?” என்றார். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார் என்றேன். உண்மைதானே.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். மருமகள் கையில் ஒரு பெரிய பை. அம்மா கையில் குக்கர் மூடி.

“இது எதுக்கும்மா?”

“பழகிடுச்சு தம்பி. வெறுங்கையா நடக்க வரல.”

வலது காதில் கருவியைப் பொருத்தினேன். முதல் தடவை மாட்டுகிறவர்கள் மின்விசிறிச் சத்தத்துக்கே முகம் சுளிப்பார்கள். அம்மா மருமகள் பக்கம் திரும்பி, “எங்கண்ணு, ஏதாச்சும் பேசு,” என்றார்.

“என்ன பேசறது அத்தை?”

அம்மா அதை ஒரு நிமிடம் காதிலேயே வைத்திருந்தார். “உன் குரல் இவ்வளவு கனமா? நான் என்னமோ கீச்சுக் குரல்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.” மருமகள் சிரித்தது அன்றுதான், அதுவும் பாதி வாயில். மறுபாதி இன்னும் சரியாகத் திறக்க வரவில்லை.

பிறகு அம்மா பெட்டியைக் காட்டினார். “கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள உக்காந்து பாத்துக்கறேன். வெளிய ஒரே சத்தமா இருக்கு. அங்கதான் நல்லாக் கேக்கும்.”

உலகத்தில் எல்லாரும் வெளியே நடப்பது எதுவும் கேட்காமல் இருப்பதற்காக அந்தப் பெட்டிக்குள் போவார்கள். கதவைச் சாத்தினேன். மருமகள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் விளக்கைப் பார்த்தோம். ஒரு நிமிடம். இரண்டு. அது எரியவில்லை.

“வரல,” என்று மருமகள் மூச்சு விட்டார்.

விளக்கு எரிந்தது.

திரையில் தெரு வாசல் காலி. ஆறு எண்ணினேன். காலி. இருபது எண்ணினேன். ஒரு நாய் குறுக்கே போயிற்று. விளக்கு அணையவில்லை, அம்மா பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. இந்தத் தடவை தப்பு என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“யாரையும் காணோமே அம்மா?”

“இப்பத்தான் வண்டிலேர்ந்து எறங்கறான்,” என்றார். “அந்த முனையில.”

மருமகள் எழுந்து நின்றிருந்தார். கால்கள் பின்கதவுப் பக்கம், முகம் வாசல் பக்கம். “அத்தை, நான் போய்ப் பேசிடறேன். சமாதானமாப் போயிடுவாரு. நான் போய்...”

“திரும்பாத,” என்றார் அம்மா. “நட.”

குக்கர் மூடியை என் மேசைமேல் வைத்துவிட்டு மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பின்கதவு சத்தமில்லாமல் திறந்தது. எண்ணெய் நல்ல எண்ணெய்.

தொண்ணூறாவது எண்ணில் தெரு வாசலில் ரப்பர் ஷூ தெரிந்தது. நான் மூடியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தேன்.

“எங்க?” என்றார் உள்ளே வந்ததும். மூச்சிரைக்கவே இல்லை.

“கீழ ஏதோ மாத்திரை வாங்கணும்னாங்க. வந்துடுவாங்க சார். இன்ஸ்பெக்‌ஷன்னு சொன்னாங்களே?”

“பாதில வந்தேன்.” கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “ரெண்டு நாளா வீட்ல ஒரு பாத்திரம்கூட விழல. சந்தேகமா இருந்துச்சு.”

அவர் கண் பின்கதவுப் பக்கம் போவதற்குள் நான் பெட்டியின் கதவை அகலத் திறந்தேன்.

“சார், வந்தது வந்துட்டீங்க. அம்மாவோட ரிப்போர்ட்டுக்குக் குடும்பத்துல இன்னொருத்தர் காதையும் பாத்து எழுதணும். பரம்பரைன்னு ஒரு பத்தி இருக்கு. பத்து நிமிஷம். அது இல்லன்னா மெஷினுக்கு உத்தரவாதம் கிடைக்காது.”

விதி, படிவம், உத்தரவாதம். பாதுகாப்பு அதிகாரிகள் இதற்கெல்லாம் கட்டுப்பட்டவர்கள். உள்ளே போய் உட்கார்ந்தார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினேன். ஹெட்போனை மாட்டினேன். பட்டனை வலது கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முதலில் ஒழுங்காகத்தான் சோதித்தேன். அற்புதமான காதுகள். மிக மெல்லிய சத்தத்துக்கும் உடனே அழுத்தினார். அப்படிப்பட்ட காதுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. அப்புறம் சத்தம் அனுப்புவதை நிறுத்தினேன்.

ஜன்னல் வழியாகப் பின்தெரு தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு பை. இளையவர் நொடிக்கொரு தடவை கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். மூத்தவர் ஒவ்வொரு தடவையும் அவர் முகவாயைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினார். பஸ் வர நேரமாயிற்று. வந்தது. அவர்கள் ஏறுவதை நான் பார்த்தேன், பெட்டிக்குள் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பஸ் கிளம்பியது, முனையில் திரும்பியது, தெரு காலியாயிற்று.

விளக்கு எரியவில்லை.

அவர் மனைவியும் அம்மாவும் அவர் வீட்டைவிட்டு ஒவ்வோர் அடியாகப் போய்க்கொண்டிருந்த அந்தப் பதினேழு நிமிட அமைதியில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் அவருக்கான அறிக்கையை எடுத்து நிரப்பினேன். வலது: மிக நன்று. இடது: மிக நன்று. கடைசி வரியில், சத்தம் இல்லாதபோது அழுத்தினார் என்பதற்கு எதிரே, எந்தப் பொய்யும் கலக்காமல் ‘இல்லை’ என்று சுழித்தேன்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து குக்கர் மூடியை எடுத்து, கைக்கு எட்டுகிற மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியின் கதவைத் திறக்க எழுந்தேன்.